விஸ்காம் படிக்கப் போகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், சேரப்போகிறேன் என்று தண்டையார்பேட்டை வீட்டில் நான் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "யார் படத்தில் வேலை?" என்பதுதான். அவருக்குத் தெரிந்த அளவில் அந்தப் படிப்பு சினிமாவுக்குப் போகும் குறுக்குவழி. அவரைக் குறை சொல்ல முடியாது. என்னுடன் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி நினைத்துத்தான் வந்திருந்தார்கள். சிலர் போனார்கள். மற்றவர்களுக்கு இன்றைக்குச் சோறு போடுவது எழுத்தும் அச்சும்: போஸ்டர், மசாலாப் பொட்டலத்தின் உறை, புத்தக அட்டை, கைபேசித் திரையில் வந்துபோகும் விளம்பரம். அதனால் இந்த வழிகாட்டியில் சினிமாவைப் பற்றிக் கொஞ்சமும் தமிழ் எழுத்தைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதல் படி: எந்தப் பட்டம்?

விஸ்காம் என்று எல்லோரும் சொல்லும் பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல் மூன்று ஆண்டுப் படிப்பு, ஆறு பருவங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தவரும் அறிவியல் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். ஓவியம், வடிவமைப்பு, புகைப்படம், விளம்பரம், வீடியோ, ஊடகக் கோட்பாடு என்று எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவார்கள். எதிலும் ஆழமாக இறக்கிவிட மாட்டார்கள். அகலமான படிப்பு இது. எதில் இறங்குவது என்று இன்னும் தெரியாதவருக்கு அந்த அகலம் நல்லது.

கை ஏற்கெனவே வரையக்கூடியது என்றால் முதலில் பார்க்க வேண்டியது எழும்பூரில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி அது, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த இடம். நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டத்தில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு தனிப் பிரிவாகவே இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வு உண்டு. சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை எனக்குத் தெரியாது. அதன் வாசல் வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஏதோ பழைய அரசு அலுவலகம் என்று நினைத்துக்கொண்டு.

மூன்றாவது வழி பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டம். ஆமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு டாட் தேர்வு; ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் படிப்புக்கு பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் யுசீட், தரமணியில் இருக்கும் நிஃப்டுக்கு (ஆடை வடிவமைப்பு நிறுவனம்) அதன் சொந்தத் தேர்வு. இவற்றில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: பன்னிரண்டாம் வகுப்பு பாதி முடியும்போதே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். மே மாதம் மதிப்பெண் பட்டியலோடு விழித்தெழுந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சினிமா மட்டும்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் விஸ்காமைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம், அனிமேஷன் என்று தனித்தனிப் பட்டங்கள். கணிதம் படித்தவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு, பொட்டலத் தொழில்நுட்பத்தில் பி.இ. உண்டு. பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்வதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கே பொருந்தும். பொட்டல உறை வடிவமைப்பவருக்கு அட்டையை எங்கே மடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவர் மதிப்பே வேறு.

இரண்டாம் படி: கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள்

லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, பெண்களுக்கு மகளிர் கிறித்தவக் கல்லூரி, எம்.ஓ.பி. வைணவக் கல்லூரி என்று சென்னையில் விஸ்காம் நடத்தும் பெயர்பெற்ற கல்லூரிகள் பலவும் நம்மிடமிருந்து தெற்கேதான் இருக்கின்றன. பயண நேரத்தைக் கணக்கில் வையுங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு சென்ட்ரல் வரை கவலையில்லை. நுங்கம்பாக்கமும் தாம்பரமும் போக வேண்டியவர்களுக்குக் கடற்கரை நிலையத்து மின்சார ரயில். ஆனால் திரும்பி வரும்போது கையில் அரை ஆள் உயர வரைபடப் பை இருக்கும். மாலை ஆறு மணி ரயிலில் அதை மடங்காமல் கொண்டுவருவது ஒரு தனிக் கலை, பாடத்திட்டத்தில் இல்லை.

கல்லூரி அச்சிட்டுத் தரும் வண்ணக் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இறுதியாண்டு மாணவர்கள் நிற்கும் தேநீர்க் கடைக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு கணினிக்கு எத்தனை பேர்? வகுப்பு முடிந்த பிறகு ஆய்வகம் திறந்திருக்குமா? கேமராவை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்களா? நான் படித்த இடத்தில் கேமராக்கள் கண்ணாடி அலமாரிக்குள் அழகாக இருந்தன. மூன்றாம் பருவம் வரை அவற்றை நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். கூடவே, சுவரில் மாணவர் வேலைகள் தொங்குகின்றனவா, அவற்றில் எத்தனை தமிழில் இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் தமிழ் எழுத்தமைப்பை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: பணம்

கல்லூரிக் கட்டணம் மட்டும் செலவு இல்லை. தாள், வண்ணம், அச்சுப் பிரதி, குறும்படத்துக்கு வாடகைக் கேமரா, நண்பர்களுக்குப் பிரியாணி என்று ஒவ்வொரு பருவத்திலும் கையைக் கடிக்கும். சேர்க்கையின்போதே "ஆய்வகக் கட்டணம், செய்முறைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுக்கு எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் அடக்கம். கலைப் படிப்புக்கு இதெல்லாம் தர மாட்டார்கள் என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் இருந்தால் தாள் செலவு போய் ரயில் பாஸுக்கும் மிச்சம் இருக்கும்.

நான்காம் படி: சேர்வதற்கு முந்தைய கோடை

இந்த இரண்டு மாதத்தில் மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். நாற்பது பக்க நோட்டு, பென்சில், கால் செருப்பு மூன்றும் போதும்.

தங்கசாலைத் தெருவில் தொடங்குங்கள். அண்ணாந்து பாருங்கள். கடைப் பலகைகளுக்கு மேலே, பழைய கட்டடங்களின் நெற்றியில், காரையில் பதித்த பெயர்கள் இருக்கும். 'லை', 'னை', 'ணா', 'றா' போன்ற எழுத்துகளைத் தேடுங்கள். 'லை' என்ற எழுத்து இன்றுபோல் இணைக்கொம்பு தனியாக நிற்காமல், தலைக்கு மேல் துதிக்கை தூக்கியதுபோல் சுழன்றிருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். பலகை அதற்குப் பின் எழுதியதாகவும் இருக்கலாம். பழைய கை பழைய வடிவத்தை விடாது. அந்த எழுத்தை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். புகைப்படம் எடுத்தால் மறந்துவிடும். வரைந்தால் கை நினைவு வைத்துக்கொள்ளும்.

அங்கிருந்து பாரிமுனை ஆண்டர்சன் தெரு. தாள் வாங்க வேறெங்கும் போக வேண்டாம். திருமண அழைப்பிதழ்க் கடைகளில் மாதிரிப் புத்தகங்களைப் புரட்டலாம். வாங்காமல் புரட்டினால் முறைப்பார்கள், நாலைந்து தனித்தாள் வாங்கிவிட்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 80 ஜி.எஸ்.எம். தாளுக்கும் 300 ஜி.எஸ்.எம். அட்டைக்கும் உள்ள வேறுபாட்டை விரலால் தெரிந்துகொள்ளுங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்.

பிறகு காசிமேடு. விடியற்காலையில் மீன் ஏலத்தைப் படம் எடுக்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நீங்கள் பகலில், படகுக்கு வண்ணம் பூசும்போது போங்கள். வளைந்த மரப்பலகையில், உப்புக்காற்றில், தொலைவிலிருந்து படிக்க வேண்டிய பெயரை ஒருவர் எப்படி இடம்விட்டு எழுதுகிறார் என்று பாருங்கள். நடுவிலிருந்து தொடங்குகிறாரா, ஓரத்திலிருந்தா? பெயர் நீளமாக இருந்தால் எந்த எழுத்தைக் குறுக்குகிறார்? எழுத்து இடைவெளி என்று முதலாண்டில் நாலு வகுப்பு நடத்துவார்கள். அவர் அதைத் தூரிகைக்கு வண்ணம் எடுப்பதற்குள் செய்துவிடுகிறார். எடுப்பதற்கு முன் அவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுக்கூடத்தை மதராசுக்குக் கொண்டுவந்தார்கள். வேப்பேரியில் இருந்த ஃபப்ரீசியஸ் பாதிரியாரிடம் அது வந்து சேர்ந்தது. அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1779-இல் அங்கேதான் அச்சானது. நம் பக்கத்தில் அச்சுத் தொழில் நேற்று முளைத்ததில்லை.

ஐந்தாம் படி: கருவிகள்

முதலாண்டுக்குக் கேமரா வேண்டாம். கைபேசி போதும். மடிக்கணினி வாங்கினால் 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. என்ற இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய மானிட்டர், விசைப்பலகை, ராம் ஆகியவற்றை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கலாம். பழைய மடிக்கணினியை மட்டும் விவரம் தெரிந்தவர் கூட இல்லாமல் வாங்காதீர்கள்.

மென்பொருளுக்கு வருவோம். வேலைச் சந்தையில் கேட்பது போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன். நம் அச்சகங்களில் இன்னமும் கோரல்டிராதான் ராஜா. வீட்டில் பழகுவதற்கு இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா, பிளெண்டர் எல்லாம் இலவசம். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. திருட்டு மென்பொருளைப் போட்டு வைரஸ் வந்து இறுதியாண்டுக் கோப்பு மொத்தத்தையும் இழந்த நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. எதில் பழகினாலும் கோப்பு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

ஆறாம் படி: தமிழ் எழுத்தை அமைக்கப் பழகுங்கள்

சொல்ல வந்ததே இதுதான். பாடப்புத்தகங்களும் காணொளிப் பயிற்சிகளும் எழுத்தமைப்பை ஆங்கில எழுத்தை வைத்தே கற்பிக்கின்றன. அந்த விதிகளை அப்படியே தமிழில் வைத்தால் வடிவமைப்பு உடையும்.

முதலில் கணினி அமைப்பு. 'கொடி' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு பின்னால் போய், கூடவே ஒரு புள்ளிவட்டமும் எட்டிப்பார்க்கும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பில் எழுத்துக்கான விருப்ப அமைப்பில் இதற்கான தேர்வு இருக்கிறது. இதை அறியாமல் பெரிய நிறுவனங்களே உடைந்த தமிழில் பதாகை வைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து எழுத்துரு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு எழுத்துருக்களில் கூகுள் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவை பல: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலு தம்பி, அனெக் தமிழ், காட்டமரான். கடைசிப் பெயரைக் காசிமேட்டுக்காரர்கள் கவனிக்கவும். நம் கட்டுமரம்தான் கடல் கடந்து ஆங்கிலமாகி எழுத்துருவாகத் திரும்பி வந்திருக்கிறது. இவற்றை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். அச்சகங்களில் மட்டும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை யூனிகோடு வருவதற்கு முந்தைய ஏற்பாடு: உள்ளே ஆங்கில எழுத்து, வெளியே தமிழ் முகம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகம் கழன்று, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரியும். இரண்டு உலகத்துக்கும் இடையே மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றிய பிறகு எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இடைவெளி. தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே 'கு', 'ழு', 'மூ' போன்றவற்றின் சுழிகளும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல் வரியின் வால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். கூட்டிக் கொடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய பத்தியில் இருபக்கமும் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவே லாரி போகும்; இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக விட்டுவிடுங்கள். சின்ன அளவில் தடித்த எழுத்துரு போட்டால் 'ண', 'ஞ', 'இ' ஆகியவற்றின் உட்சுழி மையில் அடைத்துக்கொள்ளும். திரையில் தெரியாது. மாத்திரை அட்டையின் மேல் இருக்கும் தமிழைப் படிக்க முயன்றவர்களுக்குத் தெரியும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் கை நிற்காது.

ஏழாம் படி: ஒரு அச்சுக் கடையில் கொஞ்ச நாள் இருங்கள்

இரண்டாமாண்டில் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கணினியில் அச்சுக்கோக்கும் ஒரு டிடிபி கடையில் மாலை வேலைக்குப் போனேன். அங்கே வரும் வேலைகள் எல்லாமே ஊர் வாழ்க்கை: மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கால்பந்துப் போட்டி, கண்ணீர் அஞ்சலி. கடைசியாகச் சொன்னது எப்போதும் இரவில்தான் வரும்.

ஒரு நாள் இரவு பதினொன்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். கையில் ஒரு கல்யாண வீட்டுக் குழுப் படம். பின்வரிசையில் பாதி மறைந்து நிற்பவர்தான் இறந்தவர். வேறு படம் இல்லை. தலையை வெட்டி எடுத்து, தோளை ஒட்டவைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் நீல வானம் வைத்தேன். தோற்றம், மறைவு, உறவினர் பெயர்கள் பதினெட்டு. திரையில் பார்த்து மூத்தவர் அழுதுவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன்.

ஒரு மணிக்குப் போஸ்டர் கட்டு வந்தது. பிரித்தோம். முகம் இருந்தது, வானம் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை.

கடைக்காரர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "கர்வ் செய்தாயா தம்பி?" இல்லை. எழுத்தை வளைகோட்டு வடிவமாக மாற்றாமல் அனுப்பியிருந்தேன். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. வெளியே ஒட்டுகிறவர்கள் மைதாப் பசை வாளியோடு காத்திருந்தார்கள். மறுபடி அச்சடித்து மூன்றரை மணிக்குக் கொடுத்தோம். காசு என் சம்பளத்தில் பிடித்தார்கள். நியாயம்தான்.

அதிலிருந்து, அச்சுக்கு ஒரு கோப்பு போகும் முன் நான் பார்ப்பவை இவை. எழுத்து வளைகோடாகிவிட்டதா (திருத்தக்கூடிய மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும்). நிறம் அச்சின் நான்கு மைகளான சி.எம்.ஒய்.கே.யில் இருக்கிறதா, திரையில் மின்னும் நீலம் தாளில் மங்கி ஊதாவாக வரும், அதை முன்பே பார்த்துவிடுவது நல்லது. படங்கள் அச்சு அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கின்றனவா. தூரத்திலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸ் பதாகைக்கு அவ்வளவு தேவையில்லை. நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு (தாளை வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்) விட்டிருக்கிறதா. சின்னக் கருப்பு எழுத்து கருப்பு மையில் மட்டும் இருக்கிறதா; நான்கு மையும் கலந்த கருப்பாக இருந்தால், அச்சுத் தகடு இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் முளைக்கும்.

எட்டாம் படி: கேமராவும் வீடியோவும்

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கேமரா ஒன்றும் 50 எம்.எம். எஃப் 1.8 லென்சும் மூன்றாண்டுக்குத் தாராளம். குறும்படத்தில் படத்தைவிட ஒலிதான் முதலில் கெடும். ஒரு காலர் மைக் வாங்குங்கள். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இலிருந்து நிற்கிறது, அதன் தூண்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் ரயில்வே இடங்களில் படப்பிடிப்புக்கு அனுமதி வேண்டும். இன்னொரு வேண்டுகோள்: நம் பகுதியைப் படம் எடுத்தால் அரிவாளும் ரத்தமும்தான் என்று வகுப்பில் எதிர்பார்ப்பார்கள். வியாசர்பாடியில் காலை ஐந்தரைக்குப் பந்து உதைக்கும் பிள்ளைகளை எடுங்கள். வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

ஒன்பதாம் படி: போர்ட்ஃபோலியோவும் முதல் கூலியும்

போர்ட்ஃபோலியோ என்பது வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் வேலைகளின் தொகுப்பு. இறுதியாண்டில் நாற்பது வேலைகளை அடுக்கிக்கொண்டு போவார்கள். பார்ப்பவர் மூன்றைத்தான் பார்ப்பார். பத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் முதல் பென்சில் வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இல்லாத குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்வதைவிடத் தெருமுனை மாவுக்கடைக்கு உண்மையான பலகை செய்து கொடுத்த படம் மேல். தமிழில் இரண்டு வேலையாவது இருக்கட்டும். நேர்முகத்தில் என்னைத் தேர்ந்தெடுத்தவர் மற்றதையெல்லாம் புரட்டிவிட்டு நிறுத்தியது ஒரு நான்கு வரித் தமிழ்ப் பத்தியில்தான். "வரி இடிக்கவில்லையே" என்றார்.

தனியாக வேலை எடுத்தால் பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள், சொந்தக்காரர் என்றாலும். எத்தனை முறை திருத்தம் செய்வீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் தாளில் ஒரு பிரதி எடுத்து, வாடிக்கையாளரைப் படித்துப் பார்க்கச் சொல்லி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடும்போதே, அவர் பெயரில் வருவது 'ன'வா 'ண'வா என்று அவரிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.